மாணவர் இசை இதழ்: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

காட்சித் தொடர்பியல் மாணவர்கள் பாடத்திட்டப் பணியாகத் தயாரிக்கும் இசை இதழ்கள் அச்சுக்குப் போகும் வாரத்தில், ஆண்டுதோறும் அதே கோளாறுகள்தான் வேறு வேறு கணினிகளில் தலைகாட்டுகின்றன. அவற்றைச் சரிசெய்து சரிசெய்து உருவான குறிப்புகள் இவை. சென்னையின் மார்கழிக் கச்சேரிப் பருவத்தை ஒட்டி, இன்டிசைன் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளில் வடிவமைத்து, டிஜிட்டல் அச்சில் எடுத்து, நடுவில் பின் அடிக்கப்படும் 24 பக்க ஏ4 தமிழ் இதழ் ஒன்றை மாதிரியாகக் கொண்டிருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும் செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. அந்த வரிசையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவதில் அரைநாளைக் கழிப்பதைவிட, சந்தேகத்துக்குரிய ஒரே ஒரு பக்கத்தைக் கறுப்புவெள்ளையில் உண்மை அளவில் அச்செடுத்துப் பார்த்தால் பெரும்பாலான நேரங்களில் காரணம் பிடிபட்டுவிடும்.

அறிகுறி 1: தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன

*கொம்பும் காலும் இடம் மாறி, நடுவே புள்ளியிட்ட வட்டம் தோன்றினால்*

எழுத்துருவைக் குறை சொல்வதற்கு முன் பத்தியின் கம்போசரை, அதாவது எழுத்துகளை வரியாகக் கோக்கும் அமைப்பை, பாருங்கள். பாராகிராஃப் பேனலின் மெனுவில் 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' தேர்வாகியிருக்க வேண்டும். வழக்கமான கம்போசருக்குக் 'கொ', 'கெ' போன்ற எழுத்துகளைக் கோக்கத் தெரியாது. பத்தி பத்தியாகத் தேர்ந்தெடுத்து மாற்றினால் அடுத்த கட்டுரையை ஒட்டும்போது கோளாறு திரும்பிவிடும் என்பதால், பாராகிராஃப் ஸ்டைலின் ஜஸ்டிஃபிகேஷன் பகுதியிலேயே இதை மாற்றிவையுங்கள். தலைப்பை மட்டும் போட்டோஷாப்பில் தட்டிப் படமாகக் கொண்டுவந்திருந்தால், அங்கே திருத்துவதைவிட அந்தத் தலைப்பை இன்டிசைனிலேயே மறுபடி தட்டுவது மேல். எழுத்தின் விளிம்பும் கூர்மையாக அச்சாகும்.

கம்போசர் சரியாக இருந்தும் ஒரே ஒரு கட்டுரையில் மட்டும் உடைந்திருந்தால், அது பெரும்பாலும் பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுத்த உரையாக இருக்கும். அதைத் திருத்த முயலாமல், கட்டுரையாளரிடம் மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

*உரை முழுவதும் ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால்*

கட்டுரை பழைய எழுத்துரு முறையில் தட்டப்பட்டது. மெய்யெழுத்துப் புள்ளி வரவேண்டிய இடங்களில் எல்லாம் அரைப்புள்ளி நின்றால் அது அநேகமாகப் பாமினி எழுத்துரு. என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் மூல முறையைச் சரியாகத் தேர்ந்தெடுத்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு மேற்கோள் குறிகள், எண்கள், கிரந்த எழுத்துகள் ஆகிய மூன்றையும் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். ராகப் பெயர்களிலும் கலைஞர் பெயர்களிலும் கிரந்தம் நிறைந்திருப்பதால், இசை இதழில் இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாது. எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் குப்பையாகவே வருகிறதென்றால், அச்சிட்ட தாளை டிடிபி தட்டச்சாளரிடம் கொடுத்து மறுபடி தட்டச் சொல்வதுதான் மலிவான வழி.

*இளஞ்சிவப்புப் பட்டையோ வெற்றுக் கட்டமோ தோன்றினால்*

எழுத்துரு கணினியில் இல்லை, அல்லது அந்த எழுத்துருவில் அந்தக் குறியீடு இல்லை. டைப் மெனுவின் ஃபைண்ட் ஃபான்ட் பட்டியல் எது இல்லையென்று காட்டும். முக்தா மலர், கேட்டமரான், நோட்டோ செரிஃப் தமிழ் மூன்றும் கட்டணமின்றிக் கிடைப்பவை, பல தடிமன்களில் கிடைப்பவை. ஒன்றை உரைக்கும் மற்றொன்றைத் தலைப்புக்கும் முடிவுசெய்து, அதற்குமேல் சேர்க்காதீர்கள்.

*ஸ்வரக் குறிப்பில் மட்டும் கோளாறு என்றால்*

இது இசை இதழுக்கே உரிய தொல்லை. தாரஸ்தாயி (மேல்) ஸ்வரத்துக்கு எழுத்தின் மேலேயும் மந்திரஸ்தாயி (கீழ்) ஸ்வரத்துக்குக் கீழேயும் புள்ளி வைக்க வேண்டும். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அந்தத் தனிப்புள்ளி கிடையாது. அந்தப் புள்ளி இருந்துவிட்டால்கூட, தாரஸ்தாயி 'ப' என்பதும் மெய்யெழுத்தான 'ப்' என்பதும் பார்வைக்கு ஒன்றாகிவிடும். மெய்ப்புப் பார்க்கும் நண்பர் அதைப் பிழை என்று எண்ணிப் புள்ளியை நீக்கியும் விடுவார். ஸ்வர வரிகளை மட்டும் இல்லஸ்ட்ரேட்டரில் எழுதி, புள்ளிகளைச் சிறு வட்டமாக வரைந்து, மேற்புள்ளியைச் சற்று உயர்த்தி வைத்து, பிடிஎஃப் படமாக இதழுக்குள் கொண்டுவாருங்கள். தாளக் குறிகளையும் அங்கேயே வரைந்துவிடலாம். நான்கு வரிக்கு மேல் ஸ்வரம் போவதானால் இசை பயின்ற ஒருவர் பாடிப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது.

அறிகுறி 2: அட்டை, இசை இதழின் அட்டையாகத் தெரியவில்லை

அட்டையை ஏ4 தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, ஐந்தாறு அடி தள்ளி நின்று பாருங்கள். இதழின் பெயர் படிக்க முடியாவிட்டால் முதற்காரணம் எழுத்தின் அளவு. அடுத்தது அதன் பின்னால் இருக்கும் படம். 'கீ', 'தி' போன்ற எழுத்துகளின் மேற்சுழியும் 'மு', 'கூ' போன்றவற்றின் கீழ்ப்பகுதியும் வெட்டுப்பட்டிருந்தால், பெயருக்கான பெட்டியின் உயரத்தைக் கூட்டினால் போதும். எழுத்தைச் சிறிதாக்க வேண்டியதில்லை. எழுத்துகளுக்கு இடையே டிராக்கிங் கூட்டிப் பெயரை நீட்டும் பழக்கம் ஆங்கில இதழ்களைப் பார்த்து வந்தது. தமிழில் அப்படிச் செய்தால் கொம்பும் காலும் தாய் எழுத்தை விட்டு விலகி, பெயர் துண்டு துண்டாகிவிடும்.

பெயர் தெளிவாக இருந்தும் அட்டை எடுபடவில்லை என்றால் படங்களை எண்ணுங்கள். வீணை, கிட்டார், பறை, மைக் என்று நான்கு படங்களை ஒட்டிச் செய்த அட்டை எதைப் பற்றிய இதழ் என்பதைச் சொல்வதில்லை. ஒரே கலைஞர், மார்பளவுப் படம், கண் பார்வை வாசகரை நோக்கி. அட்டை வரிகள் நான்குக்கு மிகாமல் இருக்கட்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் படமே சோர்வாக இருந்தால், வடிவமைப்பில் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒளிப்படக் கலைஞர் ஒருவரை அழைத்து மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

அறிகுறி 3: படம் மங்கலாகவோ கட்டம் கட்டமாகவோ அச்சாகிறது

*திரையிலும் மங்கல், அச்சிலும் மங்கல்*

லிங்க்ஸ் பேனலில் படத்தைத் தேர்ந்தெடுத்து 'எஃபெக்டிவ் பிபிஐ' (அச்சிடும் அளவில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) எண்ணைப் பாருங்கள். 300 இருந்தால் நிம்மதி. 200 வரை சமாளிக்கலாம். வாட்ஸ்அப்பில் நீண்ட பக்கம் 1600 பிக்சலாகச் சுருங்கி வந்த படத்தை முழுப் பக்கத்துக்கு விரித்தால் அந்த எண் ஏறத்தாழ 134 என்று நிற்கும். அதே படம் 13.5 சென்டிமீட்டர் நீளத்துக்குள் நன்றாகவே அச்சாகும். எடுத்தவரிடம் அதே படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோஷாப்பில் எண்ணை மட்டும் 300 என்று மாற்றி எழுதுவது படத்தில் ஒரு பிக்சல் விவரத்தையும் சேர்க்காது.

*மங்கல் இல்லை, முகம் ஊதாவாகவோ நீலமாகவோ இருக்கிறது*

மேடையின் எல்இடி விளக்கே காரணம். முகத்தின் விவரம் ஒரே வண்ண அலைவரிசையில் தேங்கிவிட்டதால், வண்ணத்தைத் திருத்தத் திருத்தத் தோல் அட்டைபோல் தட்டையாகும். பச்சை அலைவரிசையிலோ சிவப்பிலோ விவரம் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்து, மிஞ்சியிருந்தால் அதிலிருந்து கறுப்புவெள்ளைப் படமாக மாற்றுங்கள். கச்சேரிப் படத்துக்குக் கறுப்புவெள்ளை பொருந்தியே வரும்.

*படம் தெளிவாக இருக்கிறது, ஏதோ தவறு என்று இசைக்காரர்கள் மட்டும் சொல்கிறார்கள்*

படம் இடவலமாகத் திருப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கலைஞரின் பார்வை பக்கத்தின் உட்புறம் நோக்கட்டும் என்று வடிவமைப்பாளர் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாக்கிவிடுவார். மிருதங்கத்தின் கரணை (கறுப்புத் திட்டு) இட்ட வலந்தலை இடக்கைக்குப் போய்விடும், தவிலின் கழி வலக்கைக்கு வந்துவிடும், வயலின் வில்லும் கை மாறும். இதைக் கண்டுபிடிக்கத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, சட்டைப் பொத்தான், மேடைப் பதாகையின் எழுத்து, மிருதங்கத்தின் கறுப்புத் திட்டு மூன்றையும் சோதியுங்கள். கலைஞரே இடக்கை வாசிப்பவராகவும் இருக்கலாம்: மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை அப்படித்தான் வாசித்தார். அவர் படத்தை 'நேராக்கி' வெளியிட்டால் அது அதைவிடப் பெரிய பிழை. பார்வையின் திசைதான் சிக்கலென்றால் படத்தை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள், திருப்பாதீர்கள்.

அறிகுறி 4: பத்திகளின் நடுவே வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன

பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தால் சொற்களுக்கு இடையிலான வெள்ளை இடைவெளிகள் வரிவரியாக இறங்குவது தெரியும். ஏ4 தாளில் 15 மிமீ ஓரம் விட்டு மூன்று பத்தி (நெடுவரிசை) போட்டால், இடையில் 5 மிமீ விட்டது போக ஒவ்வொரு பத்திக்கும் 57 மிமீ கூட மிஞ்சாது. 'நிகழ்த்திக்கொண்டிருந்தார்கள்' போன்ற ஒரே சொல் அதில் பாதி வரிக்கும் மேல் தின்றுவிடும். இரு பத்தியாக்கினால் 87.5 மிமீ கிடைக்கும். கோளாறு பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

மூன்று பத்திதான் வேண்டும் என்றால் இடப்பக்கம் மட்டும் ஒழுங்குபடுத்தி வலப்பக்கத்தை இயல்பாக விடுங்கள். அதற்கடுத்த வழி, உரையின் மொழியைத் தமிழ் என்று குறித்து, வரி இறுதியில் சொல்லை உடைக்கும் ஹைஃபனேஷனை இயக்குவது. தமிழ் இதழ்களில் சொல்லை உடைத்தாலும் இணைகோடு இடுவதில்லை என்பதால், கோடுகள் தோன்றினால் நீக்க வேண்டியிருக்கும். 'க்', 'த்' என்று ஒற்றெழுத்தில் எந்த வரியும் தொடங்கவில்லை என்பதைத் தாளில் பாருங்கள். திரையில் அது கண்ணில் படாது. வரிகள் ஒன்றோடொன்று இடித்தால் 10.5 புள்ளி (பாயின்ட்) எழுத்துக்கு 15 புள்ளி வரி இடைவெளி கொடுங்கள்.

அறிகுறி 5: கட்டுரை இடத்துக்குள் அடங்கவில்லை, அல்லது அடங்கியும் படிக்க முடியவில்லை

*பெட்டியின் மூலையில் சிவப்புக் கூட்டல்குறி தெரிந்தால்*

உரை வழிகிறது. எழுத்தின் அளவைக் குறைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அதைச் செய்தால் ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வோர் அளவில் நிற்கும். மேலே சொன்ன இரு பத்தி அமைப்பில் ஒரு முழுப் பக்கம் ஏறத்தாழ 400 சொற்களைத் தாங்கும். தலைப்பும் பாதிப் பக்கப் படமும் வந்துவிட்டால் 200க்குச் சற்று மேல். உங்கள் எழுத்துருவில் ஒரு பக்கத்தை நிரப்பி எண்ணிப் பார்த்துவிட்டு, எழுதுவோரிடம் அந்த எண்ணிக்கையைக் கொடுங்கள். 2000 சொற்களை வாங்கி இரண்டு பக்கத்தில் திணிக்கப் பார்ப்பது வடிவமைப்புக் கோளாறே அன்று. பக்கத் திட்டம் போடாததால் வரும் கோளாறு. 24 சிறு கட்டங்களை ஒரே தாளில் வரைந்து, எந்தக் கட்டத்தில் எது என்று எழுதிய பிறகே கணினியைத் திறக்க வேண்டும்.

*பேட்டி, வாழ்க்கைக் குறிப்பாக மாறிவிட்டால்*

பிறந்த ஊர், குருவின் பெயர், முதல் மேடை, பெற்ற விருதுகள் என்று வரிசையாகப் போகும் பேட்டிக்குக் காரணம் எழுத்து அன்று, கேள்வி. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் எந்தக் கலைஞரும் ஏற்கெனவே பலமுறை சொன்னதையே சொல்வார். முதலில் ஒலிப்பதிவை மறுபடி கேளுங்கள். அவர் பேச்சுவாக்கில் கருவியைப் பற்றிச் சொன்ன ஓர் இடம் எங்காவது இருக்கும், அதிலிருந்து கட்டுரையைத் தொடங்கலாம். இல்லையென்றால் தொலைபேசியில் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். தவில் கலைஞர் என்றால், விரல்களில் மாட்டும் கூட்டை யார் செய்கிறார், எத்தனை நாள் தாங்குகிறது, மழைக்காலத்தில் தோலை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்? விருதுகளை ஒரு சிறு பெட்டிக்குள் தள்ளிவிடலாம்.

*கச்சேரி விமரிசனம், பாடல் பட்டியலாக இருந்தால்*

வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் கட்டுரை நிகழ்ச்சிநிரல், விமரிசனம் ஆகாது. ஓர் உருப்படியை மட்டும், தனி ஆவர்த்தனத்தையோ ராகம் தானம் பல்லவியையோ, எடுத்துக்கொண்டு அதில் கேட்டதை எழுதச் சொல்லுங்கள். 'மெய்மறக்கச் செய்தார்', 'இசை மழையில் நனைந்தோம்' ஆகியவற்றை நீக்கிய பிறகு எத்தனை வரி மிஞ்சுகிறது என்று பார்ப்பது நல்ல சோதனை. மூன்று வரிதான் மிஞ்சுகிறதென்றால் எழுதியவர் கச்சேரி நேரத்தில் அரங்குக்குள் இருந்தாரா என்று விசாரிப்பதில் தவறில்லை. சபா கேன்டீன் பற்றிய பக்கம் ஏறக்குறைய எல்லா மார்கழி இதழ்களிலும் வந்துவிடுகிறது. இடம் போதவில்லை என்றால் அதைத்தான் முதலில் எடுத்துவிட வேண்டும்.

அறிகுறி 6: வழிகாட்டி ஆசிரியர் 'உண்மையைச் சரிபார்' என்று திருப்பி அனுப்புகிறார்

பெரும்பாலும் பிழை கட்டுரையில் இருப்பதில்லை, படக்குறிப்பில் இருக்கிறது. கட்டுரையை மூவர் படித்திருப்பார்கள்; படக்குறிப்பை இரவு பதினொரு மணிக்கு வடிவமைப்பாளர் தானாகவே தட்டியிருப்பார். குட்டையான திமிரி நாகசுரத்தைக் காட்டிவிட்டு நீளமான பாரி நாகசுரம் என்றும், கஞ்சிராவைக் காட்டிவிட்டுப் பறை என்றும் குறிப்பு வந்துவிடும். படக்குறிப்புகளை மட்டும் தனித் தாளில் அச்செடுத்து, அந்தக் கருவியை வாசிக்கும் ஒருவரிடம் காட்டுங்கள்.

ஆண்டுகளை இரண்டாவதாகப் பாருங்கள். மியூசிக் அகாதெமி 1928-இல் நிறுவப்பட்டது, தமிழ் இசைச் சங்கம் 1943-இல், யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் வரிசையில் இசைக்காகச் சென்னை சேர்ந்தது 2017-இல், நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2022-இல். மார்கழி இதழ்களில் அடிக்கடி வரும் ஆண்டுகள் இவை. ஒரே இதழில் ஒரு பக்கத்தில் நாகசுரம், மறுபக்கத்தில் நாதஸ்வரம் என்று வந்தால் எது சரி என்ற விவாதத்தில் இறங்க வேண்டாம். ஒன்றை முடிவுசெய்து இதழ் முழுவதும் ஒரே சீராக மாற்றுங்கள்.

*ஆட்சேபம் உரிமை பற்றியது என்றால்*

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமரிசனத்துக்காக ஓரளவு மேற்கோள் காட்ட இடம் தருகிறது. ஒரு திரைப்பாடலின் வரிகளை முழுமையாக எடுத்து அலங்காரமாக அச்சிடுவது அதில் அடங்காது. கீர்த்தனை என்றாலே பழையது, உரிமை இராது என்ற எண்ணமும் தவறு. தியாகராஜர் 1847-இல் மறைந்தவர். அவர் சாகித்தியத்தில் சிக்கல் இல்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். மறைந்து 60 ஆண்டுகள் என்ற கணக்குப்படி அவர் பாடல்களுக்கு 2033-ஆம் ஆண்டு முடியும்வரை உரிமை உண்டு. இணையத்தில் எடுத்த படங்களுக்குப் பதிலாக நீங்களே எடுத்தவற்றைப் போடுங்கள். பழைய படம் ஒன்று இன்றியமையாதது என்றால், அதை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கவேண்டும். கல்லூரிக்கு வெளியே விற்கப்போவதாக இருந்தால், இதழைப் பதிவுசெய்வது உட்பட எல்லாவற்றையும் வழக்கறிஞரிடமோ அனுபவமுள்ள பதிப்பாளரிடமோ கேட்காமல் நகரக் கூடாது.

அறிகுறி 7: திரையில் கண்ட நிறம் தாளில் இல்லை

மின்னும் இளஞ்சிவப்பும் பளீரென்ற நீலமும் இசை இதழ் வடிவமைப்பவர்களுக்கு மிகப் பிடித்தவை. நான்கு வண்ண மையில் அவை கிடைக்கவே கிடைக்காது. ஸ்வாட்ச் பேனலில் நிறம் ஆர்ஜிபியாக (திரைக்கான வண்ண முறை) இருந்தால் சிஎம்ஒய்கேவாக (நான்கு மை அச்சு முறை) மாற்றிவிட்டுப் பாருங்கள். திரையில் மங்குவதுபோலத்தான் தாளிலும் மங்கும். அந்த நிலையிலேயே நிறத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சிறு எழுத்துகளின் விளிம்பில் வண்ண நிழல் தட்டினால், கறுப்பு நான்கு மைகளும் கலந்த கறுப்பாக இருக்கிறது. உரைக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம். செப்பரேஷன்ஸ் பிரிவியூவில் கறுப்பை அணைத்தால் உரை முழுவதும் மறைய வேண்டும். மிச்சம் தெரியும் இடமே கோளாறு. கறுப்புப் பின்னணியில் மை காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டினால், அதே பேனலின் இங்க் லிமிட்டை (நான்கு மைகளின் மொத்த அளவு) 300 சதவீதத்தில் வைத்துச் சோதியுங்கள். இத்தனைக்கும் பிறகு முகங்களின் நிறம் மட்டும் சரியாக வரவில்லை என்றால், அந்த ஒரு பக்கத்துக்கு அச்சகத்தில் மாதிரி எடுத்து, அங்குள்ள வண்ணத் திருத்துநரிடம் விட்டுவிடுவது நல்லது.

அறிகுறி 8: ஓரத்தில் வெள்ளைக் கோடு, வெட்டுப்பட்ட எழுத்து, மாறிய பக்க வரிசை

வெள்ளைக் கோட்டுக்கு முதற்காரணம் பிளீட், அதாவது வெட்டும் கோட்டுக்கு வெளியேயும் நீளும் அச்சுப் பகுதி, இல்லாமை. நான்கு புறமும் 3 மிமீ கொடுத்து, பின்னணிப் படத்தை அதுவரை இழுத்து, பிடிஎஃப் எடுக்கும்போது 'யூஸ் டாக்குமென்ட் பிளீட்' என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த மூன்றாவது படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பிளீட் இருந்தும் கோடு வந்தால் தாளின் அளவைக் கேளுங்கள். விரித்த ஏ4 இரட்டைப் பக்கம் பிளீடோடு 426 × 303 மிமீ. 12 × 18 அங்குலத் தாளின் அகலம் 304.8 மிமீதான், அச்சு இயந்திரம் ஓரத்தில் விடும் வெற்றிடத்துக்கு அதில் இடமில்லை. 13 × 19 தாள் கேளுங்கள், அல்லது இதழின் உயரத்தைத் தொடக்கத்திலேயே ஒரு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ளுங்கள்.

பக்க எண் வெட்டுப்பட்டால், பின் அடித்து மடிக்கும்போது நடுத்தாள்கள் வெளியே துருத்துவதே காரணம். 24 பக்கத்துக்கு ஆறு தாள்கள்; பக்க எண்ணை வெளி ஓரத்திலிருந்து 10 மிமீ உள்ளே வையுங்கள். பக்கங்கள் வரிசை மாறினால், பிடிஎஃபை ஸ்பிரெட்டாக (இரண்டிரண்டு பக்கமாக) எடுத்திருக்கிறீர்கள்; தனிப் பக்கமாக எடுத்துக் கொடுத்தால் தாளில் பக்கங்களை அடுக்கும் இம்போஸிஷனை அச்சகத்தார் பார்த்துக்கொள்வார்கள். மொத்தப் பக்கம் நான்கால் வகுபடாவிட்டால் வெற்றுப் பக்கம் விழும். 26 பக்கம் வந்து நின்றால் இரண்டைக் குறைப்பதே உத்தமம், நிரப்புவதற்காக எழுதிய இரண்டு பக்கம் நிரப்பியதாகவே தெரியும். சில நூறு பிரதிகளுக்குக் கீழே ஆஃப்செட் அச்சு கட்டுப்படியாகாது. அதில் பிளேட் போட்ட பிறகு திருத்தம் சொன்னால் அதற்குத் தனிச் செலவு.

அறிகுறி 9: அச்சகக் கணினியில் திறந்தால் எல்லாம் கலைந்திருக்கிறது

இன்டிசைன் கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப் போயிருப்பீர்கள். ஃபைல் மெனுவில் 'பேக்கேஜ்' கொடுத்தால் எழுத்துருவும் படங்களும் ஒரே கோப்புறையில் சேரும். அதோடு அச்சுக்கான பிடிஎஃபையும் வைத்து இரண்டையும் கொடுங்கள். பிடிஎஃபில் திருத்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள், ஏனென்றால் அவசரத்தில் அங்கே ஓர் எழுத்தைத் திருத்தப் போய் முழு வரியின் தமிழும் உடைவது வழக்கம். மூலக் கோப்பே திறக்க மறுத்தால், வேறு கணினியில் ஐடிஎம்எல் (இன்டிசைனின் மாற்றுக் கோப்பு வகை) வடிவில் சேமித்துத் திறந்து பார்க்கலாம். அதுவும் முடியாவிட்டால் முந்தைய நாள் பிரதியிலிருந்து தொடங்குங்கள்.